சாவனதுர்கா: இறங்கும் நேரத்திலிருந்து திட்டம் போடுங்கள்

"அக்கா, சாவனதுர்காவுக்குப் போகலாம்னு இருக்கோம்" என்று எங்கள் பெங்களூரு ஸ்ரீராம்புரம் தெருப் பிள்ளைகள் வந்து நின்றால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மணிக்கு இறங்க ஆரம்பிப்பீங்க?" காலையில் எப்போது கிளம்புவது, யார் வண்டி, எங்கே டிபன் என்பதற்கெல்லாம் உடனே பதில் வரும். இதற்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த மலையில் ஆபத்து அதிகம் இருப்பது இறங்கும்போதுதான். கால் ஓய்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், பாறை கொதிக்கும், வந்த வழி மறந்திருக்கும். அதனால் இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி அடுக்க வேண்டும். நடந்து ஏறுகிறவர்களுக்கும், கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்கும், பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நான் பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தில் தர ஆய்வாளர். லேத்திலிருந்து வரும் பாகங்களை வெர்னியர் வைத்து அளந்து, சரியில்லாததைத் தனியே எடுத்துவைப்பது என் வேலை. விடுமுறை நாட்களில் பாறை ஏறுகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். தமிழ், கன்னடம், உருது என்று கலந்து பேசுகிற குழு. அங்கே கற்றதையும், புதியவர்களைக் கூட்டிப் போகும்போது திரும்பத் திரும்பச் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.

மலையின் உருவம்

பெங்களூருவுக்கு மேற்கே, மாகடி சாலைப் பக்கம் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது சாவனதுர்கா. கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். பெரும்பாலானவர்கள் நடந்து ஏறுவது கரிகுட்டாவில். அடிவாரத்தில் வீரபத்திரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் இருக்கின்றன. வழியில் கோட்டைச் சுவர்கள் இடிந்து நிற்கும். மாகடி கெம்பேகவுடா வம்சத்தார் கையில் இருந்து, மைசூர் அரசிடம் போய், 1791 டிசம்பரில் திப்புவின் படையிடமிருந்து கார்ன்வாலிஸ் பிடித்த கோட்டை அது. உச்சியில் நந்தி மண்டபம்.

பாறை கிரானைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குழம்பாக இருந்து மெல்ல ஆறி இறுகியது. ராமநகரத்துப் பாறைகளும் இதே வரிசைதான். மேலே இருந்த மண்ணும் கல்லும் அரித்துப்போய்ச் சுமை குறைந்த பிறகு, இந்த வகைப் பாறை தன் மேற்பரப்பைத் தகடு தகடாக உரித்து விடுகிறது. அப்படி உரிந்து உரிந்துதான் இந்த உருண்ட முதுகு உண்டானது.

இந்த உருண்ட முதுகை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்க்கும்போது முன்னால் இருக்கும் சரிவு சாதாரணமாகத் தெரியும். இறங்க இறங்கச் செங்குத்தாகிக்கொண்டே போகும். செங்குத்தான பகுதி மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கே படாது. பாறையின் வளைவு மறைத்துவிடும். "இப்படியே நேரா இறங்கினா கோயில் வந்துடும்" என்று நினைத்து இறங்குகிறவர்கள் பாதியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். கீழே கோயில் கோபுரமும் கடைகளும் தெரியும். அங்கே போகிற வழி மட்டும் இருக்காது.

இதற்கு மருந்து ஏறும்போதே இருக்கிறது. பாறையில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளைப் பார்த்துத்தான் ஏறுவோம். ஒவ்வொரு குறியைத் தாண்டியதும் நின்று, திரும்பி, கீழ்ப்பக்கம் பாருங்கள். இறங்கும்போது உங்கள் கண்ணுக்குக் கிடைக்கப்போகும் காட்சி அதுதான். அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு புதர், ஒரு உடைந்த சுவர், ஒற்றையாய் நிற்கும் குண்டுக்கல், எது அடையாளமோ அது. இறங்கும்போது கொஞ்ச தூரம் வந்தும் அடுத்த குறி தென்படவில்லை என்றால், இன்னும் கீழே தேடக் கூடாது. கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பி ஏறிப் போய் அங்கிருந்து தேடுங்கள். களைத்த காலுக்கு அது கசப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஏற வேண்டும்.

நேரக் கணக்கு

வெயில் ஏறிய கிரானைட் வெறும் கையை வைக்க விடாது. உச்சி வரை நிழல் மிகக் குறைவு. ஆகவே நண்பகலுக்குள் அடிவாரத்தில் இருப்பது என்று வைத்துக்கொள்வோம். இறங்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏறியதைவிட வேகமாக இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படியானால் 10 மணிக்கு உச்சியிலிருந்து கிளம்ப வேண்டும். மேலே அரை மணி நேரம் உட்காரலாம். ஏற இரண்டு மணி நேரம், வழியில் நின்று திரும்பிப் பார்ப்பதற்கும் சேர்த்து இரண்டரை என்றால், 7 மணிக்குக் காலை எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் எங்காவது அரை மணி நேரம் பிசகினால், வெட்ட வேண்டியது உச்சியைத்தான். பாதி வழியிலேயே 10 மணி ஆகிவிட்டால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவது எங்கள் குழுவில் வழக்கம். இதில் யாரும் வாதாடுவதில்லை.

சொந்த வண்டி இல்லாதவர்கள் பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து மாகடிக்குப் பஸ் பிடித்து, மாகடியிலிருந்து உள்ளூர்ப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ சுமார் 12 கிலோமீட்டர் போக வேண்டும். முதல் பஸ்ஸையே பிடித்தாலும் 7 மணிக்கு ஏறத் தொடங்குவது நடக்காத காரியம். அவர்கள் டிசம்பர், ஜனவரியில் மட்டும் போங்கள். அப்போது நண்பகல் தாண்டியும் பாறையைத் தாங்கிக்கொள்ளலாம். பிப்ரவரி நடுப்பகுதிக்கு மேல் வெயில் வேறு மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திடீரென்று இடியோடு மழை வரும். ஜூன் முதல் நவம்பர் வரை மழையை நம்ப முடியாது.

வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. கர்நாடக வனத்துறையின் அரண்ய விஹாரா இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். விடுமுறை நாட்களுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். பதிந்த ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கயிறு கட்டி ஏறப்போகிறவர்கள் அதையும் கேட்டுத் தனியாக அனுமதி வாங்குங்கள். நடைப்பயண அனுமதியைக் காட்டிவிட்டுக் கயிறோடு உள்ளே போவது பின்னால் வருகிற குழுக்களுக்குக் கதவை அடைத்துவிடும். இரவில் ஏறவும், உச்சியில் தங்கவும் அனுமதி கிடையாது. "விடியலை மேலே பார்க்கணும்" என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான். இருட்டில் அந்த வளைவுகளில் ஏற வேண்டாம். கரடியும் சிறுத்தையும் உள்ள காடு அது.

காலுக்கும் பைக்கும்

செருப்பு கூடாது. புத்தம்புது ஷூவும் கூடாது. அடிப்பகுதி மிருதுவான ரப்பராக, தேயாமல் இருக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் அடியுள்ள ஓட்ட ஷூக்கள் கிரானைட்டில் வழுக்கும். வீட்டு வாசலில் கொஞ்சம் சரிவாக இருக்கும் சிமெண்ட் தளத்தில் நின்று சோதித்துப் பாருங்கள். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். இரண்டு மணி நேரம் இறங்கும்போது விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். நீளமான நகம் கறுத்து விழுந்துவிடும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரை இறங்குவதற்கென்று தனி பாட்டிலில் வைத்து, உச்சிக்குப் போகும் வரை திறக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கெடாது. கடலை மிட்டாய், வெள்ளரிக்காய் நல்லது. எண்ணெயில் பொரித்தது மேலே போனதும் தாகத்தைக் கூட்டும். எல்லாம் முதுகுப் பைக்குள் போக வேண்டும். கையில் கவரைத் தொங்கவிட்டால் கோயில் பக்கத்துக் குரங்குகள் பிடுங்கிவிடும். இறங்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெண்கள் தளர்வான பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளலாம். துப்பட்டா வேண்டாம். வெயிலுக்குத் தொப்பி போதும். மேலே கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன்பே இருக்கிற இடத்தில் போய்விட்டு வந்துவிடுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். மயக்கம் வருவது அவர்களுக்குத்தான். தயவுசெய்து குடியுங்கள்.

சரிவில் இறங்குவது

ஏறும்போது பெரிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை. மூச்சு வாங்காத வேகம், சின்ன அடிகள், அவ்வளவுதான். இறங்குவதைத்தான் பழக வேண்டும்.

பயம் வந்ததும் உடல் தானாகப் பின்னுக்குச் சாயும். பாறையோடு ஒட்டிக்கொண்டால் பத்திரம் என்று மனம் சொல்லும். அங்கேதான் வழுக்குகிறது. சரிவில் உங்களைப் பிடித்துவைப்பது ஷூவுக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் உராய்வு. எடை நேராகப் பாதத்தின் மேல் இறங்கினால் அந்த உராய்வு முழுதாக வேலை செய்யும். பின்னால் சாய்ந்தால் எடை பாதத்தை முன்பக்கமாகத் தள்ளும். பாதம் கழன்று ஓடிவிடும். அதனால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, மார்பைச் சற்றே முன்னால் கொண்டுவாருங்கள். பாதம் முழுவதும் பாறையில் படியட்டும். குதிகாலை மட்டும் ஊன்றாதீர்கள். நீட்டி எட்டு வைக்காமல் அரை அடி அரை அடியாக வைத்து இறங்குங்கள். மிகவும் சரிவான இடத்தில் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குவது போல் இறங்கலாம். உட்கார்ந்து சறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பேண்ட் துணிக்குப் பிடிப்பு கிடையாது. ஒருமுறை சறுக்கல் பிடித்துவிட்டால் நிறுத்த வழி இல்லை.

பாறை மேல் கிடக்கும் பொடிக்கற்களைக் கவனியுங்கள். கிரானைட் உதிர்ந்து உருண்டை மணலாகக் கிடக்கும். அதன் மேல் கால் வைப்பது பேரிங் குண்டுகள் மேல் நிற்பது போலத்தான். சுற்றிப் போகலாம், இல்லை என்றால் ஷூவால் தள்ளிவிட்டுக் காலை வைக்கலாம்.

அடுத்தது கறுப்புக் கோடுகள். உச்சியிலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும் தடங்களில் நுண்ணிய பாசி வளர்ந்து காய்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். காய்ந்திருக்கும்போது நடக்கலாம். ஒரு தூறல் விழுந்தால் போதும், அந்த இடம் சோப்பு பூசியதாகிவிடும். வானம் இருண்டால் முதல் வேலை கறுப்புத் தடத்தை விட்டு வெளுத்த பாறைக்கு நகர்வது. மழை பிடித்துவிட்டால் இறங்காதீர்கள். தட்டையான இடமாகப் பார்த்து, நீர்த்தடத்தை விட்டு விலகி உட்காருங்கள். மழை நின்று காற்றும் வெயிலும் வந்தால் திறந்த பாறை சீக்கிரம் காய்ந்துவிடும். கறுப்புத் தடங்கள்தான் நேரம் எடுக்கும். இடி கேட்டால் உச்சியிலும் மண்டபத்திலும் ஒதுங்கக் கூடாது. நான்கு பக்கமும் திறந்த கல் மண்டபம் மின்னலிலிருந்து காப்பாற்றாது. உச்சியை விட்டு, பாறை ஈரமாவதற்குள் முடிந்தவரை தாழ்வான இடத்துக்கு வந்து, ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளிக் குந்தி உட்காருங்கள்.

இனி தேனீ. செங்குத்தான முகங்களிலும் பிதுங்கி நிற்கும் பாறைகளின் அடியிலும் மலைத்தேனீ பெரிய அடைகளாகத் தொங்கும். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள், புகை போடாதீர்கள், கல் எறியாதீர்கள். "ஜேனு, ஜேனு" என்று யாராவது கத்தினால் தேனீ கிளம்பிவிட்டது என்று அர்த்தம். துண்டாலோ சட்டையாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கையை வீசாமல், அடை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நகருங்கள். சரிவில் ஓடுவது கொட்டு வாங்குவதைவிட ஆபத்து. கொட்டிய முள்ளை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தங்கை, "எங்க பொண்ணுக்கு ஏழு வயசு, கூட்டிட்டு வரலாமாக்கா?" என்று கேட்டாள். ஏறிவிடுவாள், சந்தேகமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஏறுவார்கள். களைத்து அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் உன்னால் இறங்க முடியுமா என்று யோசித்துச் சொல் என்றேன். முதல் கோட்டைச் சுவர் வரை போய்த் திரும்பலாம் என்று அவளே முடிவு செய்தாள். அது நல்ல முடிவு. அங்கே உட்கார்ந்தாலே ஆர்க்காவதிப் பள்ளத்தாக்கும் மஞ்சனபெலே நீர்த்தேக்கமும் தெரியும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற அரிய குருவி இந்தப் புதர்களில் இருக்கிறது. சத்தம் போடாத பிள்ளையாக இருந்தால் அதையும் பார்க்கக் கிடைக்கலாம்.

கயிறு கட்டி ஏற விரும்புகிறவர்களுக்கு

நேராகச் சாவனதுர்காவில் தொடங்காதீர்கள். முதலில் கண்டீரவா மைதானத்தில் இருக்கும் செயற்கைச் சுவர். முடிச்சு போடுவதும், கீழே நின்று கயிறு பிடிப்பதும் அங்கே கைக்குப் பழக வேண்டும். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா சாகசப் பயிற்சி நிறுவனம் பாறையேற்றப் பயிற்சிகள் நடத்துகிறது. முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம். பிறகு துரஹள்ளிக் காட்டுக் குண்டுப் பாறைகள். ஸ்ரீராம்புரத்திலிருந்து எங்களுக்கு அது மிக வசதி: பச்சை மெட்ரோவில் ஏறினால் மாறாமல் வஜரஹள்ளியில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ. துரஹள்ளியில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று காவலரிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். ராமநகரத்திலும் நல்ல பாறைகள் உண்டு. ஆனால் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான (பாறுகளுக்கான) சரணாலயம். நீண்ட அலகுப் பாறுகள் கூடு கட்டும் முகங்கள் அவை. அங்கே ஏறக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் தெரிந்தால் தாய்ப் பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் கெட்டுவிடும். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. நமக்கு ஏற வேறு பாறைகள் எத்தனையோ.

சாமான்கள் விஷயத்தில் நான் கறார். சிக்பேட்டையிலோ எஸ்.பி. ரோட்டிலோ கிடைக்கும் நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பாறையேற்றத்துக்கு ஆகாது. முன்னால் ஏறுகிறவர் விழும்போது நீண்டு, விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளும் டைனமிக் கயிறுதான் வேண்டும். நீளாத ஸ்டாட்டிக் கயிறு இறங்குவதற்கும் மீட்புக்கும். அதில் முன்னேறி ஏறினால் விழும் வேகம் முழுவதும் இடுப்பிலும் பாறையில் பதித்த போல்ட்டிலும் போய் இறங்கும். வாங்கும்போது ஈ.என். என்ற ஐரோப்பியத் தர முத்திரையைப் பாருங்கள்: டைனமிக் கயிற்றுக்கு ஈ.என். 892, இடுப்பில் கட்டும் ஹார்னெஸ்ஸுக்கு ஈ.என். 12277, கயிற்றை மாட்டும் உலோக வளையமான காராபினருக்கு ஈ.என். 12275, ஹெல்மெட்டுக்கு ஈ.என். 12492. ஸ்கூட்டர் ஹெல்மெட் வேண்டாம். கனமும் அதிகம், மேலே பார்க்கவும் விடாது. காராபினரின் முதுகில் கிலோநியூட்டன் கணக்கில் பலம் பொறித்திருக்கும். நீளவாக்கில் 20-க்கு மேல் தாங்கும் அதே வளையம், குறுக்குவாக்கிலோ வாய் திறந்தோ இருந்தால் அதில் பாதிகூடத் தாங்காது. ஆகவே அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். உள்வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள். கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்து விளிம்பு கூர்மையாகியிருந்தால் அது கயிற்றை அறுக்கும். தொழிற்கூடத்தில் பிசிறு பார்ப்பதும் இப்படி விரலால்தான்.

காலைத் தூக்கும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, கையால் தொட வேண்டும்: இடுப்புப் பட்டையின் பக்கிள், எட்டு வடிவ முடிச்சு, கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிலே கருவியில் அது போகும் திசை, காராபினரின் திருகு. எத்தனை வருடம் ஏறியவராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. எங்கள் குழுவின் மூத்த அண்ணா, என்னைப் போன்றவர்கள் தொட்டுப் பார்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கூப்பிடும் சொற்களையும் முன்பே முடிவு செய்யுங்கள். பல குழுக்கள் ஏறும் நாளில் எல்லோரும் ஒரே மாதிரிக் கத்துவதால், நாங்கள் பேரைச் சேர்த்துச் சொல்வோம்: "ஃபாத்திமா, இழு", "ஃபாத்திமா, தளர்த்து". மேலிருந்து பாட்டுப்பெட்டி அலறினால் இந்தக் குரல் கேட்காது. நடந்து வருகிறவர்கள் அதைப் புரிந்துகொண்டு சத்தத்தைக் குறைத்தால் பெரிய உதவி.

இங்கே ஏறுவது கையால் பிடித்துத் தொங்கும் வகை இல்லை. பிடிக்கவே எதுவும் இருக்காது. காலை மட்டும் நம்பி ஏறும் சரிபாறை. குதிகாலைத் தாழ்த்தி, ரப்பர் அதிகம் படும்படி வைத்து, இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி நில்லுங்கள். கண் எப்போதும் அடுத்த சின்னக் குழிவைத் தேடட்டும். குளிர்ந்த பாறையில் ரப்பர் நன்றாகப் பிடிக்கும்; வெயில் ஏறியதும் ரப்பர் இளகி, பாதமும் வீங்கி, பிடிப்பு போய்விடும். அதிகாலையில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மாதிரிப் பாறையில் போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் இருக்கும். விழுந்தால் கிரானைட்டில் நீளமாகத் தேய்த்துக்கொண்டு வருவீர்கள். முழு பேண்ட் போடச் சொல்வது அதற்குத்தான். ஒவ்வொரு போல்ட்டையும் கயிறு மாட்டும் முன் பாருங்கள்: துரு கசிந்த தடம், ஆடும் தகடு, தளர்ந்த நட்டு. இதில் எது இருந்தாலும் அதை மட்டும் நம்பி எடையைக் கொடுக்காதீர்கள்.

ராப்பெல்லிங்கில், அதாவது கயிற்றில் தொங்கி இறங்கும்போதுதான் கை தேர்ந்தவர்களும் விபத்தில் சிக்குகிறார்கள். ஏறி முடித்த நிம்மதியில் கவனம் தளரும் நேரம் அது. கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சு போடாமல் கீழே விடக் கூடாது. கயிறு தரை வரை எட்டவில்லை என்றால் அந்த முடிச்சுதான் உங்களை நிறுத்தும். கயிற்றின் நடுக்குறி, மேலே அதை மாட்டியிருக்கும் நங்கூர வளையத்தில் சரியாக நிற்கிறதா பாருங்கள், இல்லை என்றால் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். ஒரே போல்ட்டில் தொங்காமல் இரண்டில் தொங்குங்கள். மெல்லிய கயிற்றால் பெரிய கயிற்றைச் சுற்றிப் புருசிக் முடிச்சு ஒன்று போட்டுக்கொண்டால், கை நழுவினாலும் அது இறுகிப் பிடிக்கும். பழைய இணைப்பைக் கழற்றும் முன், எடையைப் புதுக் கயிற்றில் கொடுத்துப் பாருங்கள். நீளமான கூந்தல் உள்ளவர்கள் இறுக்கமாகப் பின்னிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் கருவிக்குள் முடி சிக்கினால் நடுவானில் நின்றுவிடுவீர்கள். கத்தியை எடுத்து அவசரமாக அறுக்கும்போது இறுகியிருக்கும் கயிற்றில் பட்டால் முடிந்தது.

பக்கத்தில் இரவு தங்குவது

கூடாரத்தில் தங்குவதன் பெரிய லாபம், மறுநாள் காலை 7 மணிக்குள் அடிவாரத்தில் நிற்கலாம் என்பது. மஞ்சனபெலே நீர்த்தேக்கத்தைச் சுற்றித் தனியார் முகாம்கள் இருக்கின்றன. முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை: உரிமம் இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, இரவில் காவல் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். தூங்காத காலோடு மறுநாள் இறங்க வேண்டியிருக்கும்.

நீர்த்தேக்கத்தில் இறங்காதீர்கள். அமைதியாகத் தெரியும்; அடியில் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், ஆழமும் சட்டென்று மாறும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் கரையில் நின்று கால் நனைக்கவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கூடாரத்தைத் தண்ணீர்க் கரையிலிருந்து தள்ளி, கொஞ்சம் மேடான இடத்தில் போடுங்கள். தென்னை மரத்தடி, தனி மரத்தடி இரண்டும் வேண்டாம். டிசம்பரில் விடியும் முன் பனி இறங்கி மேல்துணி நனைந்துவிடும், தரைக் குளிரும் ஏறும். கீழே ஒரு தார்ப்பாய், அதன் மேல் ஃபோம் விரிப்பு போட்டால் ஒரு ஜமக்காளமும் கம்பளியும் போதும். ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள், காலையில் போடும் முன் தட்டிவிட்டுப் போடுங்கள். சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு நல்லது. காட்டுக்குள் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவது குற்றம். ஜனவரிக்குப் பிறகு காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கொண்டுபோன காகிதம், சானிடரி நாப்கின், தயிர்ப் பாக்கெட் எல்லாம் ஒரு மூடிய டப்பாவில் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

வீடு வந்த பிறகு

கயிற்றைப் பையிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். கிரானைட் தூள் உள்ளே போய்த் தங்கினால் நூலை உள்ளிருந்தே அறுக்கும். பினாயில், கழிப்பறை ஆசிட், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் பக்கம் வைக்கக் கூடாது. அந்த ஆவி பட்டால் நைலான் வெளியே தெரியாமலே வலுவிழக்கும். காய்ந்ததும் முழு நீளத்தையும் விரலிடையே ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டையாக, விறைப்பாக, உள்ளே வெற்றிடமாகத் தட்டுப்பட்டாலோ, உறை கிழிந்து வெள்ளை நூல் தெரிந்தாலோ அந்தக் கயிறு முடிந்தது. பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அறிவுரை. வாங்கிய தேதியையும் பெரிய விழுகைகளையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கழித்த கயிற்றை அப்படியே மூலையில் போட்டுவைத்தால் யாராவது எடுத்துப்போய் ஏறிவிடுவார்கள். நான் ஆள் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட பிறகே நோட்டில் அந்தக் கயிற்றின் பக்கத்தை அடிக்கிறேன்.